ஆப்ட் பட்டியலை அழித்துப் புதிதாக எடுக்கலாமா? எதை அழிக்கலாம், எதைத் தொடவே கூடாது

கேள்வி சுருக்கமாக இது. அலுவலக நெட்வொர்க்கில் உபுண்டு 22.04 ஓடும் ஒரு சர்வர். பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவியான ஆப்டில், பட்டியலைப் புதுப்பிக்க சில நாட்களாக 'ஆப்ட் அப்டேட்' கொடுத்தால் 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' (இறக்கிய கோப்பு ஒத்துப்போகவில்லை) என்று நின்றுவிடுகிறது. தெரிந்தவர் ஒருவர் நாலு கட்டளை அனுப்பியிருக்கிறார்: லிஸ்ட்ஸ் ஃபோல்டரைக் காலி செய், லாக் கோப்புகளை எல்லாம் அழி, டிபிகேஜியின் (ஆப்டுக்கு அடியில் பேக்கேஜை நிறுவும் கருவி) ஸ்டேட்டஸ் கோப்பையும் காலி செய், பிறகு அப்டேட் ஓட்டு, 'எல்லாம் தானாகவே புதிதாகக் கட்டிக்கொள்ளும்'. ஓட்டலாமா?

முதல் கட்டளையை ஓட்டலாம். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது அநேகமாகத் தேவையே இல்லை. இரண்டாவது வேண்டாம். மூன்றாவதை ஓட்டுவதாக இருந்தால், சர்வரை அடியிலிருந்து மறுபடி நிறுவ ஒரு நாளை ஒதுக்கிவைத்துவிட்டு ஓட்டுங்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன். கட்டளைகளையும் பாதைகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

டெபியன், உபுண்டு வகையறாவில் பேக்கேஜ் பற்றிய தகவல் முக்கியமாக இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டுமே /வார்/லிப் என்பதற்குள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் ஃபோல்டரில் இருப்பது வெளியிலிருந்து இறக்கிய நகல்: எந்த ரெப்போவில் (பேக்கேஜ்களை வழங்கும் இடம்) என்னென்ன பேக்கேஜ், எந்தப் பதிப்பு, எவ்வளவு பெரியது, எதெது எதைச் சார்ந்தது என்ற விவரம். /வார்/லிப்/டிபிகேஜி ஃபோல்டரில் இருப்பதோ இந்த மெஷினில் என்ன நிறுவப்பட்டிருக்கிறது என்ற பதிவு. முன்னது மொத்த வியாபாரி அனுப்பும் விலைப்பட்டியல், பின்னது உங்கள் கடையின் இருப்பு நோட்டு. விலைப்பட்டியல் கிழிந்தால் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இருப்பு நோட்டுக்கு ஊரில் வேறு பிரதி கிடையாது.

இவை போக /வார்/கேஷ்/ஆப்ட் என்று ஒன்று உண்டு. அதில் 'பிகேஜிகேஷ்.பின்', 'எஸ்ஆர்சிபிகேஜிகேஷ்.பின்' என்ற இரண்டு பைனரி கோப்புகள் இருக்கும். மேலே சொன்ன இரண்டு இடங்களையும் படித்து, வேகமாகத் தேடுவதற்காக ஆப்ட் தானே கட்டிக்கொள்பவை. எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், அடுத்த முறை ஆப்ட் ஓடும்போது மறுபடி வந்துவிடும். கையால் கட்ட வேண்டும் என்றால் 'ஆப்ட்-கேஷ் ஜென்கேஷஸ்'. பட்டியல் சரியாக இருந்தும் ஆப்ட் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான். 'ஆப்ட் கிளீன்' இவற்றையும் இறக்கி வைத்திருக்கும் டெப் (பேக்கேஜ்) கோப்புகளையும் சேர்த்தே துடைத்துவிடும். அதில் ஆபத்து எதுவும் இல்லை.

'தானாகக் கட்டிக்கொள்ளும்' என்பது லிஸ்ட்ஸுக்கும் கேஷுக்கும் உண்மை, டிபிகேஜிக்குப் பொய். இந்தப் பதிலில் மற்றதெல்லாம் இதன் விளக்கம்தான்.

லிஸ்ட்ஸ் ஃபோல்டரை 'ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்' கொடுத்து அழிக்கும் பழக்கம் பரவியதில் டாக்கருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். டாக்கர்ஃபைலில் பேக்கேஜ் நிறுவி முடித்ததும், அதே 'ரன்' வரியின் கடைசியில் லிஸ்ட்ஸைக் காலி செய்வது வழக்கம். இமேஜின் அளவு குறையும், அங்கே அது சரி. அந்த வரியைப் பார்த்துப் பழகியவர்கள் அதை ரிப்பேர் கட்டளையாக நினைத்து, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலும் அடிக்கிறார்கள். (டாக்கரிலும்கூடத் தனி 'ரன்' வரியில் போட்டால் ஒரு பைட் கூட மிச்சமாகாது. முந்தைய அடுக்கில் கோப்பு அப்படியே இருக்கும்.)

இப்போது உங்கள் பிழைக்கு வருவோம். ஹாஷ் மிஸ்மேட்ச் வந்தால் உங்கள் டிஸ்க்கில் இருக்கும் பட்டியல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆப்ட் அப்டேட் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ரெப்போவிலிருந்தும் முதலில் 'இன்ரிலீஸ்' என்ற சிறிய கோப்பை எடுக்கும். அது ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பம் போட்டது. அதற்குள் அந்த ரெப்போவின் ஒவ்வொரு 'பேக்கேஜஸ்' கோப்புக்கும் எவ்வளவு அளவு, என்ன எஸ்ஹெச்ஏ256 ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) என்று வரிசையாக எழுதியிருக்கும். பிறகு அந்தப் பேக்கேஜஸ் கோப்புகளை இறக்கி, சொன்ன ஹாஷோடு ஒத்துப்பார்க்கும். பேக்கேஜஸ் கோப்புக்குள் ஒவ்வொரு டெப்புக்கும் இதேபோல ஹாஷ் இருக்கும். ஒரே ஒரு கையொப்பத்திலிருந்து கடைசி டெப் வரைக்கும் இப்படியே நம்பிக்கை இறங்கி வருகிறது. ரெப்போ ஹெச்டிடிபி-யில் வந்தாலும் பயமில்லை என்று சொல்வதற்கு இதுதான் அடிப்படை. இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை வராமலில்லை. 2019 ஜனவரியில், ஆப்ட் ஹெச்டிடிபி ரீடைரக்டைக் கையாண்ட விதத்தில் இருந்த ஒரு பிழை வழியாக நடுவில் இருப்பவர் தன் பேக்கேஜை நுழைத்துவிட முடியும் என்று தெரியவந்து, அவசரமாகத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் சர்வருக்கு வந்து சேரவும் அப்டேட் ஒழுங்காக ஓடியாக வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் இது: இறக்குவதெல்லாம் முதலில் லிஸ்ட்ஸுக்குள் இருக்கும் 'பார்ஷியல்' என்ற உள் ஃபோல்டருக்குத்தான் போகும். அங்கேயே சரிபார்த்து, எல்லாம் ஒத்துப்போனால்தான் வெளியே வந்து பழையதன் இடத்தில் உட்காரும். ஒத்துப்போகாவிட்டால் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். பிழையின் கீழே, சில இண்டெக்ஸ் கோப்புகளை இறக்க முடியவில்லை, அவற்றை ஒதுக்கிவிட்டேன் அல்லது பழையதையே பயன்படுத்துகிறேன் என்று ஆப்ட் சொல்வது இதைத்தான். ஆக, உங்களிடம் இருப்பது கொஞ்சம் பழையதானாலும் நல்ல பட்டியல். அதை அழித்தால், வெளியிலிருந்து வரும் பட்டியல்தான் கோளாறு என்கிற நேரத்தில், கையில் இருந்த நல்லதையும் தூக்கிப்போட்டதாகிவிடும். அதன்பின் 'ஆப்ட் இன்ஸ்டால்' எதைக் கேட்டாலும் அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்று கைவிரிக்கும்.

அழிப்பதற்கு முன் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் சிவப்பாகத் தெரியும் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் கீழே எதிர்பார்த்த கோப்பின் ஹாஷும் அளவும், வந்து சேர்ந்த கோப்பின் ஹாஷும் அளவும், ரிலீஸ் கோப்பு எப்போது உருவாக்கப்பட்டது என்ற தேதியும் வரிசையாக இருக்கும். அந்த இரண்டு அளவுகளை ஒப்பிட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எதிர்பார்த்தது பல மெகாபைட், வந்தது சில கிலோபைட் என்றால் நடுவில் இருக்கும் ப்ராக்ஸி (கோரிக்கைகளை இடையில் வாங்கி வெளியே அனுப்பும் சர்வர்) ஒரு பிழைப் பக்கத்தையோ லாகின் பக்கத்தையோ கொடுத்திருக்கிறது. இன்ரிலீஸுக்கே இப்படி ஆனால் 'நோஸ்பிளிட்' என்ற சொல்லோடு, நெட்வொர்க் லாகின் கேட்கிறதா என்று ஆப்டே அடைப்புக்குறிக்குள் கேட்கும். இரண்டும் பெரிய கோப்புகள், அளவில் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் மிரர் (ரெப்போவின் நகலை வைத்திருக்கும் சர்வர்) பாதி சிங்க் ஆன நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் ப்ராக்ஸி பழைய பேக்கேஜஸ் கோப்பைத் தன் கேஷிலிருந்து எடுத்துத் தருகிறது. மிரர் என்றால் சில மணி நேரம் பொறுத்தால் தானாகச் சரியாகும். ப்ராக்ஸி என்றால் நீங்கள் ஆயிரம் முறை லிஸ்ட்ஸை அழித்தாலும் ஆகாது.

முக்கிய டெபியன், உபுண்டு ரெப்போக்களில் இந்தத் தொல்லை 2016-லிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. 'பை-ஹாஷ்' என்ற முறையில் இண்டெக்ஸ் கோப்பை அதன் ஹாஷையே பெயராக வைத்து இறக்குவதால், பழையதும் புதியதும் ஒரே பெயரில் மோதிக்கொள்வதில்லை. அதனால் எந்த முகவரியில் பிழை வருகிறது என்று பாருங்கள். வெளி நிறுவனத்தின் ரெப்போ, அல்லது அலுவலகத்துக்குள்ளேயே யாரோ அமைத்த மிரர் என்றால் அங்கே பை-ஹாஷ் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ப்ராக்ஸிதான் என்று உறுதியானால் /இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி ஃபோல்டரில் ஒரு சின்னக் கோப்பு போட்டு இந்த இரண்டு வரிகளை எழுதுங்கள்:

அக்வயர்::ஹெச்டிடிபி::நோ-கேஷ் "ட்ரூ";
அக்வயர்::ஹெச்டிடிபி::பைப்லைன்-டெப்த் "0";

முதல் வரி கேஷில் இருப்பதைத் தராதே என்று ப்ராக்ஸியிடம் கேட்கும். இரண்டாவது, ஒன்றன்பின் ஒன்றாக வரும் கோரிக்கைகளைக் குழப்பிக்கொள்ளும் பழைய ப்ராக்ஸிகளுக்காக.

இன்னும் சில பிழைகளைப் பட்டியல் கெட்டதால் வருபவை என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வந்தால் உங்கள் மெஷினின் கடிகாரம் பின்னால் இருக்கிறது; 'டைம்டேட்சிடிஎல்' பாருங்கள். 404 வந்தால் அந்தப் பதிப்பின் ஆயுள் முடிந்து ரெப்போ இடம் மாறியிருக்கலாம். உபுண்டுவுக்கு 'ஓல்டு-ரிலீஸஸ்', டெபியனுக்கு 'ஆர்க்கைவ்' என்று தனி சர்வர்கள் உண்டு. 'ஸ்டேபிள்' என்று இருந்தது 'ஓல்டுஸ்டேபிள்' ஆகிவிட்டது என்று சொன்னால், புதிய டெபியன் வந்துவிட்டது என்று பொருள். 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளியானதும் 12 ஓடும் மெஷின்களில் வந்தது அதுதான். புதிய ஆப்டில் அது வெறும் அறிவிப்புதான்; பழைய ஆப்ட்-கெட் அதோடு நின்றுவிட்டால் 'அலவ்-ரிலீஸ்இன்ஃபோ-சேஞ்ச்' என்ற தேர்வோடு ஒருமுறை அப்டேட் கொடுத்தால் போதும். 'நோ பப்கீ', 'எக்ஸ்பயர்டு' என்று வந்தால் சாவி பிரச்சினை. ரெப்போ நடத்துபவரிடமிருந்து புதிய சாவியை எடுத்து 'சைன்டு-பை' மூலம் அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் கட்டிவையுங்கள். இவை எதற்கும் 'டிரஸ்டட்=எஸ்' போடாதீர்கள். அது மேலே சொன்ன சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுத்துவிடும். அப்புறம் ஹாஷ் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கே அர்த்தமில்லை.

அடுத்து லாக், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு ப்ராசஸ் எழுதாமல் தடுக்கும் பூட்டு. நண்பர் கொடுத்த இரண்டாவது கட்டளை. இணையத்தில் அதிகம் காப்பியடிக்கப்படும் தவறான அறிவுரை இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

/வார்/லிப்/டிபிகேஜி-யில் 'லாக்', 'லாக்-ஃப்ரண்ட்எண்ட்' என்று இரண்டு கோப்புகள். லிஸ்ட்ஸில் ஒன்று, இறக்கிய டெப்புகள் இருக்கும் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸில் ஒன்று. எல்லாமே காலிக் கோப்புகள், எப்போதும் அங்கேயே கிடக்கும். கோப்பு இருப்பதால் லாக் ஆகியிருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆப்ட் அந்தக் கோப்பைத் திறந்து, 'எஃப்சிஎன்டிஎல்' வழியாக இது என் கையில் என்று கெர்னலிடம் பதிவு செய்கிறது. லாக் என்பது கெர்னலின் நினைவில் இருக்கும் அந்தப் பதிவுதான். அந்த ப்ராசஸ் முடிந்தாலோ, செத்தாலோ, கரண்ட் போய் மெஷினே அணைந்தாலோ கெர்னல் அதை விட்டுவிடும். எனவே செத்துப்போன ஆப்டின் லாக் மட்டும் மிச்சமாகக் கிடக்கிறது என்ற நிலைமை இங்கே வரவே வராது. லாக் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், உயிரோடு ஒரு ப்ராசஸ் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த நேரத்தில் கோப்பை அழித்தால் என்ன ஆகும்? பழைய ப்ராசஸின் லாக் பழைய ஐநோடின் (கோப்புப் பெயருக்குப் பின்னால் டிஸ்க்கில் இருக்கும் உண்மையான பதிவு) மேல் இருக்கும். நீங்கள் ஓட்டும் ஆப்ட் அதே பெயரில் புதிய கோப்பை உருவாக்கும், அது வேறு ஐநோடு. அதன் மேல் யாருக்கும் லாக் இல்லை, உடனே கிடைத்துவிடும். இப்போது இரண்டு ப்ராசஸும் தான் மட்டுமே உள்ளே இருப்பதாக நம்பிக்கொண்டு ஒரே ஸ்டேட்டஸ் கோப்பை எழுதும். பிழை போய்விட்டது, கட்டளை வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். கெட்டது தெரிய சில நாள் ஆகலாம்.

சரியான வழி, யார் பிடித்திருக்கிறார் என்று பார்ப்பது. புதிய ஆப்டே பிழைச் செய்தியில் ப்ராசஸ் எண்ணையும் பெயரையும் சொல்லிவிடுகிறது. இல்லாவிட்டால்:

சூடோ ஃப்யூசர் -வி /வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃப்ரண்ட்எண்ட்

பத்தில் எட்டுத் தடவை 'அன்அட்டெண்டட்-அப்கிரேடு' ஆகத்தான் இருக்கும், அதாவது பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போட்டுக்கொண்டிருக்கும். டீ குடித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கும் வேலையை ஆப்டிடமே விடலாம்: '-ஓ டிபிகேஜி::லாக்::டைம்அவுட்=300' என்று சேர்த்தால் ஐந்து நிமிடம் வரை பொறுத்துப் பார்க்கும். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இதைக் கண்டிப்பாகப் போடுங்கள். உண்மையிலேயே தொங்கிப்போன ப்ராசஸ் என்றால், அது ஏதோ கேள்வி கேட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய கான்ஃபிக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்டுக்கொண்டு, மூடிய எஸ்எஸ்ஹெச் விண்டோவில் அநாதையாக நிற்பது உண்டு. வேறு வழியே இல்லையென்றால் ப்ராசஸை நிறுத்திவிட்டு 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ஓட்டுங்கள். லாக் கோப்பைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

மூன்றாவது கட்டளைக்கு வருகிறேன். /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் வெறும் டெக்ஸ்ட் கோப்பு. 'லெஸ்' போட்டுத் திறந்து பாருங்கள், படிக்கவே முடியும். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பத்தி. அதில் 'ஸ்டேட்டஸ்: இன்ஸ்டால் ஓகே இன்ஸ்டால்டு' என்று ஒரு வரி இருக்கும். முதல் சொல் நீங்கள் என்ன விரும்பினீர்கள் என்பது, நடுச்சொல் கோளாறு உண்டா என்பது, கடைசிச் சொல் இப்போதைய நிலை. பேக்கேஜை நீக்கியும் கான்ஃபிக் மட்டும் மிஞ்சியிருந்தால் 'டீஇன்ஸ்டால் ஓகே கான்ஃபிக்-ஃபைல்ஸ்' என்று இருக்கும். 'ஆப்ட்-மார்க் ஹோல்டு' போட்டு நிறுத்திவைத்த பேக்கேஜுக்கு முதல் சொல் 'ஹோல்டு'. கீழே 'கான்ஃப்ஃபைல்ஸ்' என்று இன்னொரு பகுதி: /இடிசி-க்குள் அந்தப் பேக்கேஜ் கொண்டுவந்த ஒவ்வொரு கோப்பும், அது வந்தபோது இருந்த எம்டி5-உம். நீங்கள் அந்தக் கோப்பைத் திருத்தினீர்களா இல்லையா என்று அப்கிரேடு நேரத்தில் டிபிகேஜி கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

இதைக் காலி செய்தால் இயங்கிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் நிற்காது. அதுதான் மோசம், ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். அடுத்து ஒரு சின்ன பேக்கேஜை நிறுவக் கேட்டீர்கள் என்றால், எல்லாப் புரோகிராமுக்கும் அடிப்படையான லிப்சி6 கூட இல்லாத மெஷின் இது என்று ஆப்ட் நம்பி, அடித்தளத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி இறக்கி ஏற்கெனவே இருப்பதன் மேல் விரிக்கும். ஹோல்டு எல்லாம் போய்விட்டிருக்கும். கான்ஃபிக் கோப்புகளில் எது உங்கள் திருத்தம் என்ற நினைவும் போய்விட்டிருக்கும். எந்த ரெப்போவிலும் இந்தத் தகவல் இல்லாததால், எத்தனை முறை அப்டேட் கொடுத்தாலும் அது திரும்பி வராது.

யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா? முதலில் ஆப்டை மறந்தும் ஓட்டாதீர்கள். அதே ஃபோல்டரில் 'ஸ்டேட்டஸ்-ஓல்டு' இருக்கிறதா பாருங்கள், டிபிகேஜி கடைசியாக எழுதுவதற்கு முந்தைய நிலை அதில் இருக்கும். அதுவும் கெட்டிருந்தால் /வார்/பேக்கப்ஸ் ஃபோல்டருக்குப் போங்கள். 'டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0' என்று ஒன்று, அதற்கு முந்தையவை ஜிஇசட் ஆகச் சுருக்கி வரிசையாக. நாள்தோறும் ஓடும் ஒரு வேலை, மாற்றம் இருந்தால் நகல் எடுத்து வைக்கிறது. இது இருப்பதே பலருக்குத் தெரியாது. அதை இடத்தில் வைத்துவிட்டு, அந்த நகலின் தேதிக்குப் பிறகு என்னென்ன நிறுவினீர்கள், நீக்கினீர்கள் என்று /வார்/லாக்/டிபிகேஜி.லாக் கோப்பிலும் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பிலும் பார்த்து, அந்தப் பேக்கேஜ்களை மட்டும் 'ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்' செய்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். அதே பேக்கப்ஸில் 'ஆப்ட்.எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ்' நகலும் இருக்கும். எந்தப் பேக்கேஜ் நீங்கள் கேட்டு வந்தது, எது சார்புக்காகத் தானாக வந்தது என்ற கணக்கு அது. தொலைந்தால் 'ஆட்டோரிமூவ்' எதையும் நீக்காது. எல்லாம் போய் பேக்கப்பும் இல்லை என்கிற நிலையில், /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக் ஃபோல்டரில் இருக்கும் பெயர்களைப் பார்த்துப் பட்டியல் கட்டலாம். செய்ய முடியும். ஆனால் அதற்குப் புதிதாக நிறுவுவதே நிம்மதி.

கரண்ட் போனதால் ஸ்டேட்டஸில் ஓரிரு வரி மட்டும் கெட்டு, இத்தனையாவது வரியில் படிக்க முடியவில்லை என்று டிபிகேஜி புலம்புவதும் உண்டு. அப்போதும் காலி செய்யக் கூடாது. நகல் எடுத்துவிட்டு அந்த வரியைத் திறந்து, ஸ்டேட்டஸ்-ஓல்டில் அதே பத்தியோடு ஒப்பிட்டுத் திருத்தினால் போதும்.

சரி, லிஸ்ட்ஸை உண்மையிலேயே புதிதாகக் கட்ட வேண்டிய சந்தர்ப்பங்கள் இல்லாமலில்லை. டிஸ்க் நிரம்பிய நேரத்தில் அப்டேட் ஓடியது, ஃபைல்சிஸ்டத்தில் கோளாறு வந்து எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கருவி) சரிசெய்தது, யாரோ இன்னொரு மெஷினின் ஃபோல்டரை இங்கே காப்பி செய்தது, இப்படி. அப்போது நான் செய்யும் முறை இது.

முதலில் 'டிஎஃப் -ஹெச்', கூடவே 'டிஎஃப் -ஐ'. இடம் இருந்தும் ஐநோடு தீர்ந்துபோய் நிற்கும் சர்வர்கள் உண்டு. அந்த நிலையில் எதை அழித்துக் கட்டினாலும் மறுபடி அரைகுறையாகத்தான் வரும். அடுத்து கடிகாரம். பிறகு 'ஆப்ட்-டெய்லி', 'ஆப்ட்-டெய்லி-அப்கிரேடு' ஆகிய இரண்டு டைமர்களையும் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' கொடுத்து நிறுத்துங்கள். டைமரை நிறுத்துவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தாது, ஃப்யூசர் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். /இடிசி/ஆப்ட், /வார்/லிப்/ஆப்ட், /வார்/லிப்/டிபிகேஜி மூன்றையும் டார் போட்டு ஒரே கோப்பாகக் கட்டி வேறு டிஸ்க்கில் வையுங்கள். நாம் தொடப்போவது லிஸ்ட்ஸை மட்டும்தான், இருந்தாலும் எடுங்கள்.

அதன்பின் அழிக்காமல் நகர்த்துங்கள். அதிலும் எல்லாவற்றையும் அல்ல. பெயரில் 'பேக்கேஜஸ்', 'சோர்சஸ்', 'டிரான்ஸ்லேஷன்', 'கன்டென்ட்ஸ்' என்று வரும் கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, 'இன்ரிலீஸ்', 'ரிலீஸ்', 'ரிலீஸ்.ஜிபிஜி' என்று முடிபவற்றை அங்கேயே விடுங்கள். காரணம் உண்டு. புதிதாக வரும் ரிலீஸ் கோப்பின் தேதி கையில் இருப்பதைவிடப் பழையது என்றால் ஆப்ட் அதை ஏற்காது. பழைய, ஓட்டையுள்ள பேக்கேஜ் பட்டியலை, முறையான கையொப்பத்தோடேயே உங்களிடம் தள்ளிவிடும் தாக்குதலுக்கு எதிரான தடுப்பு அது. கையில் இருப்பதையும் அழித்துவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. டெபியனின் செக்யூரிட்டி ரெப்போ போன்றவற்றில் காலாவதித் தேதியும் இருக்கும், ஆனால் ஸ்டேபிளின் மெயின் ரெப்போவில் அது கிடையாது. உபுண்டு 24.04-லும் டெபியன் 13-லும் இருக்கும் ஆப்டில் இந்த வேலைக்கென்றே 'ஆப்ட் டிஸ்ட்கிளீன்' வந்துவிட்டது. அதுவும் ரிலீஸ் கோப்புகளை விட்டுவைத்து மற்றதைத்தான் துடைக்கிறது. உங்கள் 22.04-இல் அது இல்லை, கையால்தான் செய்ய வேண்டும். ரிலீஸ் கோப்பே சிதைந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் சேர்த்து நகர்த்துங்கள். 'பார்ஷியல்' ஃபோல்டரை அழித்துவிட்டு நீங்களாக உருவாக்க முயல வேண்டாம். அதன் உரிமை 'அண்டர்ஸ்கோர் ஆப்ட்' என்ற தனி யூசரிடம் இருக்க வேண்டும், ஆப்டே சரியாக உருவாக்கிக்கொள்ளும்.

இப்போது அப்டேட்:

சூடோ ஆப்ட்-கெட் அப்டேட் --எரர்-ஆன்=எனி

கடைசியில் இருக்கும் தேர்வு முக்கியம். அது இல்லாவிட்டால் ஒரு ரெப்போவைத் தொடர்புகொள்ளவே முடியாமல் போனாலும் ஆப்ட் வெறும் எச்சரிக்கையோடு, வெற்றி என்றே முடித்துவிடும். ஸ்கிரிப்டும் நீங்களும் ஏமாந்துபோவீர்கள். முடிந்ததும் 'ஆப்ட்-கேஷ் பாலிசி' போட்டு எல்லா ரெப்போவும் பட்டியலில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 'ஆப்ட்-கெட் செக்', 'டிபிகேஜி --ஆடிட்' இரண்டும் குறை எதுவும் சொல்லாமல் முடிய வேண்டும். பிறகு 'ஆப்ட்-கெட் -எஸ் டிஸ்ட்-அப்கிரேடு'. எஸ் என்பதால் நடிப்பு மட்டும்தான், எதையும் மாற்றாது. அதில் நீக்கப்படும் பேக்கேஜ்கள் என்று ஒரு பட்டியல் வந்தால் அங்கேயே நில்லுங்கள். ஒரு ரெப்போ சாவிப் பிரச்சினையால் விட்டுப்போயிருந்தால், அதிலிருந்து வந்த பேக்கேஜ்கள் திக்கற்றவையாகத் தெரியும். சார்பு மோதினால் அவற்றைத் தூக்கிவிடலாம் என்று ஆப்ட் முடிவெடுக்கக்கூடும். எல்லாம் ஒழுங்கு என்றால் நிறுத்திய டைமர்களை மறக்காமல் ஓடவிடுங்கள். நகர்த்தி வைத்ததைச் சில நாள் கழித்து அழித்துக்கொள்ளலாம்.

வேறு சிஸ்டம் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் பெயர்கள் இடம் மாறிக்கிடக்கின்றன. ஃபெடோரா, ரெட் ஹேட் வகையில் இறக்கிய பட்டியலைப் புதுப்பிப்பது 'டிஎன்எஃப் கிளீன் மெட்டாடேட்டா', பிறகு 'டிஎன்எஃப் மேக்கேஷ்'. பயமில்லாத வேலை. ஆனால் 'ஆர்பிஎம் --ரீபில்டுடிபி' தொடுவது இருப்புப் பதிவை. உள்ளே இருக்கும் பேக்கேஜ் ஹெடர்களைப் படித்துத்தான் அது மறுபடி கட்டும். ஹெடரே சிதைந்திருந்தால் அந்தப் பேக்கேஜ் கணக்கிலிருந்து போய்விடும். ஓட்டுவதற்கு முன் ஆர்பிஎம் டேட்டாபேஸ் ஃபோல்டரை நகல் எடுக்காமல் ஓட்டாதீர்கள். பெர்க்லி டிபி காலத்தில் இந்தக் கட்டளை அடிக்கடி தேவைப்பட்டது. 2020-இல் ஃபெடோரா 33 எஸ்க்யூஎல்லைட்டுக்கு மாறியபின் அந்தத் தேவை அபூர்வம்.

ஆர்ச்சில் 'சிங்க்' ஃபோல்டர் வெளி நகல், 'லோக்கல்' ஃபோல்டர் இருப்புப் பதிவு. அங்கே 'டிபி.எல்சிகே' என்ற கோப்பு இருப்பதே லாக். ஆர்ச்சின் பேக்கேஜ் கருவியான பேக்மேன் நடுவில் செத்தால் அது மிச்சமாகக் கிடக்கும். வேறு பேக்மேன் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு அழிப்பதுதான் அங்கே சரியான வைத்தியம். லாக்கை அழி என்ற அறிவுரை உபுண்டு ஆட்களிடம் வந்து சேர்ந்ததற்கு இதுவும் ஒரு வழியாக இருக்கலாம். பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரே ஒரு பேக்கேஜை நிறுவுவதை ஆர்ச் ஆதரிப்பதில்லை. புதுப்பித்தால் முழு அப்கிரேடும் சேர்த்துச் செய்துவிடுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் 'பிகேஜி அப்டேட் -எஃப்' வெளிப் பட்டியலைக் கட்டாயமாகப் புதிதாக எடுக்கும், 'லோக்கல்.எஸ்க்யூஎல்லைட்'தான் இருப்புப் பதிவு. அதற்கும் தினசரி நகல் /வார்/பேக்கப்ஸில் விழுகிறது.

உங்கள் பிழை வரும் முகவரி அலுவலகத்து உள் மிரராக இருந்தால், அதை நடத்துபவருக்கும் சொல்லிவிடுங்கள். இண்டெக்ஸ் கட்டும் வரிசைதான் அங்கே விஷயம். முதலில் டெப் கோப்புகள் போய்ச் சேர வேண்டும். அடுத்து பேக்கேஜஸ் கோப்பு. எல்லாவற்றுக்கும் கடைசியாக இன்ரிலீஸ். பழைய டெப்புகளை அழிப்பது அதற்கும் பிறகு. பேக்கேஜஸை இடத்திலேயே எழுதாமல் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்ற வேண்டும். பெயர் மாற்றம் ஒரே நொடியில் நடப்பது, பாதி எழுதிய கோப்பு யார் கண்ணிலும் படாது. டெபியனின் அதிகாரபூர்வ மிரர் ஸ்கிரிப்டும் இதே மாதிரி இரண்டு கட்டமாகத்தான் இழுக்கிறது. ஒரே 'ஆர்சிங்க்' வரியில் எல்லாவற்றையும் இழுக்கும் மிரர், சிங்க் ஓடும் நேரமெல்லாம் பின்னால் இருக்கும் எல்லா மெஷின்களுக்கும் ஹாஷ் மிஸ்மேட்சைத் தந்துகொண்டே இருக்கும். அதற்கான மருந்து அந்த மிரரில்தான் இருக்கிறது. பிழை வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவருடைய க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் கேளுங்கள்.